பழைய ப்ரொஃபைலில் விட்டுவந்த விதிகள்

தியாகராய நகரில் பர்கிட் ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில், மாடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது என்றதும் அங்கே பழைய கம்ப்யூட்டரை மாற்றினார்கள். தீபாவளிக்கு ஆறு நாள்தான் இருந்தது. உஸ்மான் ரோட்டில் கால் வைக்க இடமில்லை. ரிச்சி தெருவில் வாங்கிய புது மெஷினில் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளை நிறுவி, மூன்று மெயில் கணக்குகளையும் புதிதாகச் சேர்த்தார் மாற்றிக் கொடுக்க வந்தவர். கடிதங்களைச் சர்வரிலேயே வைக்கும் ஐமேப் கணக்குகள் என்பதால் ஃபோல்டர்கள் எல்லாம் பழைய பெயர்களோடு வரிசையாக வந்து நின்றன. "எல்லாம் வந்துருச்சு சார்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை இன்பாக்ஸில் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தது. வங்கி ஸ்டேட்மென்ட், வாடிக்கையாளர் அனுப்பிய பில், வருமான வரித் துறையின் அறிவிப்பு, விளம்பரம் என எதுவும் பிரியவில்லை. "ஃபில்டர் ஒண்ணுகூட இல்ல சார்" என்றார் அங்கே பல வருஷமாக வேலை பார்க்கும் அம்மா. மெயிலைப் பிரிக்கும் அந்த விதிகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் அவர்தான். எந்தக் கம்பெனியின் கணக்காளர் எந்த முகவரியிலிருந்து எழுதுவார், எந்த வங்கி எந்தத் தலைப்பில் அனுப்பும், எது அவசரம், எது பத்து நாள் பொறுக்கும் என்று அவர் கண்டு வைத்ததெல்லாம் நூற்றுக்கும் மேற்பட்ட விதிகளாக அங்கே பதிந்திருந்தது. இந்தக் கட்டுரையில் நான் எடைபோட விரும்புவது அந்த நூறு விதிகளை மென்பொருள் என்னவாக மதித்தது என்பதைத்தான். ஜன்னலின் அகலம், எழுத்தின் அளவு போன்ற ஒரு 'செட்டிங்' என்றா, ஒரு மனுஷியின் உழைப்பு என்றா?

விஷயம் சின்னதில்லை. நுங்கம்பாக்கம் வருமான வரி அலுவலகமான ஆயகர் பவனிலிருந்து ஆள் வந்து நோட்டீஸ் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போன காலம் ஒன்று உண்டு. அதிகாரியும் வரி செலுத்துபவரும் முகம் பார்க்காமலே நடக்கும் ஃபேஸ்லெஸ் மதிப்பீடு 2020 ஆகஸ்டில் விரிவாக்கப்பட்ட பிறகு, நோட்டீஸ் வரும் வாசல் மெயிலும் போர்ட்டலும்தான். 2021-இல் வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்த 148ஏ பிரிவு, பதில் சொல்ல ஏழு நாளுக்குக் குறையாமலும் முப்பது நாளுக்கு மிகாமலும் அவகாசம் வைத்தது. ஏழு நாள் என்பது ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்வரும் நேரம். ஜிஎஸ்டியிலும் இதே கதைதான். போர்ட்டலில் நோட்டீஸுக்கு ஒரு பகுதி, 'கூடுதல் நோட்டீஸ்' என்று இன்னொரு பகுதி என இருந்ததில், இரண்டாவதைத் திறந்தே பார்க்காத வணிகர்கள் மெட்ராஸ் ஐகோர்ட் வரை போனார்கள். வந்த கடிதம் கண்ணில் படாத இடத்தில் கிடப்பதற்கும் வராமலே போவதற்கும் வணிகருக்கு என்ன வித்தியாசம்?

சரி, தண்டர்பேர்ட் இந்த விதிகளை எங்கே வைக்கிறது? ஒவ்வொரு பயனருக்கும் ஒரு ப்ரொஃபைல் ஃபோல்டர் உண்டு. அதன் பெயர் எட்டு எழுத்து அர்த்தமில்லாத கலவையில் தொடங்கும். அதற்குள் கணக்குக்குக் கணக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் 'எம்எஸ்ஜிஃபில்டர்ரூல்ஸ்.டாட்' என்று ஒரு கோப்பு. நோட்பேடில் திறந்தால் படிக்க முடிகிற சாதாரண எழுத்துக் கோப்பு அது. விதியின் பெயர், அது இயங்குகிறதா இல்லையா, என்ன செய்ய வேண்டும், எந்த ஃபோல்டருக்கு நகர்த்த வேண்டும், எந்த நிபந்தனையில் என எல்லாம் வரிவரியாக இருக்கும். முதல் மதிப்பெண்ணை இங்கே தயங்காமல் போடுகிறேன். அவுட்லுக்கின் விதிகளை ஏற்றுமதி செய்தால் கிடைக்கும் கோப்பை அவுட்லுக்கைத் தவிர யாராலும் படிக்க முடியாது. தண்டர்பேர்டின் கோப்பையோ, அந்த மென்பொருளே நாளை இல்லாமல் போனாலும், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளலாம். பழைய ஹார்ட் டிஸ்க் உயிரோடிருந்தால் மீட்பும் எளிது. புதிய ப்ரொஃபைல் எங்கே என்பதை உதவி மெனுவின் 'டிரபிள்ஷூட்டிங்' பக்கம் காட்டும். தண்டர்பேர்டை மூடிவிட்டு, பழைய கோப்பை அதே கணக்கின் ஃபோல்டரில் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். மூடாமல் வைத்தால், தன் நினைவில் இருக்கும் பட்டியலை அது மேலே எழுதிவிட வாய்ப்பு உண்டு.

இவ்வளவு எளிது என்றால் குறை எங்கே? விதி தன் இலக்கைச் சொல்லும் விதத்தில்தான் இருக்கிறது. 'வங்கி என்ற ஃபோல்டரில் போடு' என்று அது சொல்வதில்லை. இன்ன பயனர், இன்ன சர்வர், அதற்குள் இன்ன ஃபோல்டர் என்று முழு விலாசத்தையும் எழுதி வைக்கிறது. பழைய கணக்கு, கடிதத்தைக் கம்ப்யூட்டருக்கு இறக்கும் பாப் முறையில் இருந்து புதியது ஐமேப் ஆனால் விலாசத்தின் தலையே மாறிப்போகும். மெயில் சேவையை மாற்றினால் சர்வர் பெயர் மாறும். ஒரே சர்வரில் இரண்டு கணக்கு இருந்தால், இரண்டாவதன் ஃபோல்டர் பெயருக்குள் ஒரு 'ஒன்று' சேர்ந்துகொள்ளும். அதைக் கவனிக்காமல் முதல் ஃபோல்டரிலேயே கோப்பை வைத்துவிட்டு, வேலை செய்யவில்லை என்று தலையில் கை வைப்பவர்கள் உண்டு. நம்மூரில் வீட்டு எண்ணை மாற்றியபோது, 'புதிய எண், பழைய எண்' என்று இரண்டையும் சேர்த்தே இன்றுவரை எழுதுகிறோம். பழைய எண்ணை மட்டும் வைத்துத் தேடி வந்தவருக்கும் கடிதம் போய்ச் சேர வேண்டும் என்ற அக்கறை அதில் இருக்கிறது. இந்தக் கோப்பில் அந்த அக்கறை இல்லை. பழைய எண்ணில் வீடு இல்லை என்றால் விதி அங்கேயே நின்றுவிடுகிறது.

தமிழில் ஃபோல்டர் பெயர் வைத்தவர்களுக்குச் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். ஐமேப் முறையில் ஃபோல்டர் பெயர்களை ரோமன் எழுத்துக்குள் மடக்கி அனுப்பும் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. இரண்டே எழுத்தான 'வரி' அங்கே பத்துக் குறிகள் கொண்ட ஒரு புதிராக நீளும். ஆங்கிலத்தில் 'பேங்க்' என்று வைத்தவர் கோப்பைத் திறந்து தன் விதியைக் கண்ணால் சரிபார்க்கலாம். 'வங்கி' என்று வைத்தவரால் முடியாது. எழுத்துக் கோப்பு என்று மேலே நான் மெச்சியது தமிழருக்குப் பாதிதான் பொருந்துகிறது என்பதை இங்கே திருத்திச் சொல்ல வேண்டும்.

விதிகள் தனியாகவும் நிற்பதில்லை. நாமே உருவாக்கிய டேக் ஒன்றை ஒட்டச் சொல்லும் விதி இருந்தால், அந்த டேகின் பெயரும் நிறமும் வேறொரு கோப்பில் இருக்கும். 'என் முகவரிப் புத்தகத்தில் இருப்பவர்' என்ற நிபந்தனை வைத்தால், அந்தப் புத்தகமும் தனிக் கோப்பு. மூன்றையும் சேர்த்து எடுக்காவிட்டால் மீட்பு அரைகுறையாகவே நிற்கும். 2022-இல் வந்த 102-ஆம் பதிப்பு ஏற்றுமதி வசதி ஒன்றைத் தந்தது. ஆனால் அது முழு ப்ரொஃபைலையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது, அதிலும் இரண்டு ஜிபிக்கு மேல் போனால் கையால்தான் நகலெடுக்க வேண்டும். ஃபில்டரை மட்டும் எடுத்துப்போக மென்பொருளுக்குள்ளேயே ஒரு வழி இத்தனை ஆண்டுகளில் வரவில்லை. முதல் பதிப்பு வெளியானது 2004 டிசம்பரில். இருபது ஆண்டு கடந்த ஒரு கருவியிடம் இதை எதிர்பார்ப்பது அதிகமில்லை. 2019-இல் 68-ஆம் பதிப்பு, நிறுவலுக்கு நிறுவல் தனி ப்ரொஃபைல் என்று மாற்றியது. அதற்குப் பிறகு, கம்ப்யூட்டரை மாற்றாதவர்கள்கூட நிறுவல் இடம் மாறியதால் ஒரு காலைப்பொழுதில் வெறுமையான தண்டர்பேர்டைப் பார்த்துத் திகைத்தார்கள். பழையது அங்கேயே பத்திரமாக இருந்தது. ஆனால் பத்திரமாக இருப்பது வேறு, இருக்கும் இடம் பயனருக்குத் தெரிவது வேறு.

ஜிமெயிலோடு ஒப்பிட்டால் இந்தக் குறை துலங்கும். அங்கே ஃபில்டர் சர்வரில் வாழ்கிறது. கம்ப்யூட்டரை ஆற்றில் போட்டாலும் அது போகாது. வேண்டிய ஃபில்டர்களை மட்டும் டிக் செய்து ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாக இறக்கலாம், அதில் லேபிள் வெறும் பெயராக இருக்கும், விலாசமாக இல்லை. ஆனால் அங்கே விதிகளுக்கு வரிசை கிடையாது. 'இது பொருந்தினால் இதோடு நிறுத்து' என்று சொல்ல வழியில்லை. நம் ஆடிட்டர் அலுவலகத்து அம்மாவின் விதிகள் வரிசையை நம்பி எழுதப்பட்டவை: முதலில் வரித் துறையைப் பிரி, அதோடு நிறுத்து, பிறகு வாடிக்கையாளரைப் பார். இந்த நுட்பத்தைத் தண்டர்பேர்ட் தாங்கியது. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. ஸீவ் என்ற விதிமொழி 2001-இல் பொதுத் தரமாக எழுதப்பட்டு, 2008-இல் திருத்தம் கண்டது. விதி சர்வரில் இருக்கும், எழுத்தாகப் படிக்கலாம், வரிசை உண்டு, ஆதரிக்கும் இன்னொரு சேவைக்குக் கொண்டுபோகலாம். மேலே சொன்ன குறைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே மருந்து எழுதியாகிவிட்டது. பெரிய இலவசச் சேவைகள் அதைக் கடையில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

பழைய டிஸ்கே செத்துப்போயிருந்தால்? 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் அநேகம். அப்போதும் கை விரிக்கத் தேவையில்லை. மயிலை சீனி. வேங்கடசாமி 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' என்ற நூலில் செய்த வேலையை நினைத்துக்கொள்கிறேன். ஏடு கிடைக்காத நூல்களை, உரையாசிரியர்கள் மேற்கோளாக எடுத்தாண்ட செய்யுள்களைக் கொண்டு அவர் அடையாளம் காட்டினார். மெயிலிலும் அது நடக்கும். விதி போய்விட்டாலும், அது பல வருஷம் பிரித்துப் போட்ட கடிதங்கள் சர்வரின் ஃபோல்டர்களில் அப்படியே இருக்கின்றன. ஒரு ஃபோல்டரைத் திறந்து அனுப்புநர் வாரியாக அடுக்கினால், அந்த விதி என்ன நிபந்தனை வைத்திருந்தது என்பது தானே தெரியும். ஆனால் எந்த மேற்கோளிலும் வராத நூலை அவராலும் மீட்க முடியாது அல்லவா? அதுபோல, அழிக்கச் சொன்ன விதியும் 'இவரை மட்டும் விட்டுவிடு' என்ற விலக்கும் தடயம் விடுவதில்லை. அவை எழுதியவரின் தலைக்குள் மட்டும் மிஞ்சும்.

இங்கே என் வாதம் கொஞ்சம் திரும்புகிறது. பர்கிட் ரோடு அலுவலகத்தில் பழைய டிஸ்க் இருந்தது, கோப்பும் கிடைத்தது. வைப்பதற்கு முன் அந்த அம்மாவோடு உட்கார்ந்து விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். ஏழாவதோ எட்டாவதோ வரும்போது அவரே நிறுத்தச் சொன்னார். வருமான வரித் துறையின் கடிதத்தைப் பிரிக்கும் விதி பழைய ஈஃபைலிங் தளத்தின் முகவரியைத்தான் தேடிக்கொண்டிருந்தது. துறை 2021 ஜூன் 7-ஆம் தேதி புதிய போர்ட்டலுக்கு மாறிவிட்டது. நான்கு வருஷத்துக்கு மேலாக அந்த விதி எதையும் பிடிக்கவில்லை. அவர் தினமும் காலையில் இன்பாக்ஸைக் கண்ணால் துழாவிப் பழகியதால்தான் ஒன்றும் தவறவில்லை. அடுத்த விதி இதைவிட மோசம். ஜிஎஸ்டி என்ற சொல் தலைப்பில் இருந்தால் ஒரு ஃபோல்டருக்கு நகர்த்தும், அதோடு 'படித்தது' என்றும் குறிக்கும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த புதிதில், நாளுக்கு நாற்பது சுற்றறிக்கை வந்த எரிச்சலில் எழுதியதாம். "அன்னிக்குச் சரியாத்தான் இருந்துச்சு" என்றார். நான் நம்புகிறேன்.

ஆக, இழந்ததை இழந்தபடியே மீட்பது சரியான மீட்பில்லை. ப்ரொஃபைல் மாற்றம் அந்த விதிகளை யாராவது எடுத்துப் படிக்கும்படி செய்தது. இல்லாவிட்டால் இன்னும் பத்து வருஷம் அவை இருட்டில் கிடந்திருக்கும்.

என் தீர்ப்பு இது. தண்டர்பேர்ட் தன் பயனரின் விதிகளைக் காப்பாற்றும் அளவுக்கு நேர்மையாக எழுதி வைக்கிறது, கொண்டுபோகும் அளவுக்கு எழுதி வைக்கவில்லை. முதலாவது பெரிய குணம், அதற்காக அதை நான் தொடர்ந்து பரிந்துரைப்பேன். இரண்டாவது திருத்தக்கூடிய குற்றம், இருபது ஆண்டு திருத்தாமல் விட்டதால் கனத்துப் போன குற்றம். கெடு தேதியைத் தாங்கிவரும் கடிதங்களுக்கான விதிகளை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது. அந்த விதிகள் மென்பொருள் திறந்திருக்கும்போது மட்டுமே இயங்குகின்றன. அலுவலகம் பூட்டிய ஞாயிற்றுக்கிழமை, ஆடிட்டரின் கைபேசியில் பிரியாத குவியலே தெரியும். அப்படிப்பட்ட விதிகளின் இடம் சர்வர். அங்கும் நகர்த்தக் கூடாது, அடையாளம் மட்டும் ஒட்ட வேண்டும். நோட்டீஸ் இன்பாக்ஸை விட்டு வெளியேறும் முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும். இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

அந்த அலுவலகத்தில் கடைசியில் புது ப்ரொஃபைலுக்குப் போனவை நாற்பத்து மூன்று விதிகள். வரித் துறைக்கும் ஜிஎஸ்டிக்குமான ஐந்தைச் சர்வரில் புதிதாக எழுதினோம். மற்றதை நீக்கும் முன் அந்த அம்மா ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படித்தார். சிலவற்றில் கடை மூடிப்போன வாடிக்கையாளர்களின் பெயர் இருந்தது. ஒன்றை மட்டும், இயங்காதபடி வைத்துவிட்டு, அழிக்க வேண்டாம் என்றார்.

நான் ஏன் என்று கேட்கவில்லை. கோப்பை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, தேதி எழுதி, அவர் மேஜை டிராயரில் வைத்தோம்.