பனி யாருடைய திணை?

எம்மவர் எழுத்தில் பனி பெரும்பாலும் ஒரு வில்லன். அது விறைக்க வைக்கும்; வேலையால் திரும்புபவனின் சப்பாத்துக்குள் புகும். 1994இல் எஸ்.பொவும் இந்திரா பார்த்தசாரதியும் தொகுத்த நூலுக்குப் 'பனியும் பனையும்' என்று பெயர். எமது இரு நிலங்களையும் அத்தலைப்பே அருகருகே நிறுத்திவிட்டது. பனியை ஆறாந்திணை என்று அழைப்பதும் எம்மிடையே வழக்கமாயிற்று. ஆனால் வெறும் காலநிலை திணையாகிவிடாது. அங்கே தெய்வம் வேண்டும், உணவு வேண்டும், பறை வேண்டும், தொழில் வேண்டும். பனியில் இவை அனைத்தையும் உடையவர்கள், பள்ளிப் புத்தகங்கள் எஸ்கிமோக்கள் என்று சொல்லித்தந்த இனுயிட் மக்கள். அவர்களைப் பற்றிய இரு படங்களை முன்வைத்து எமது ஆறாந்திணையைச் சற்றுச் சோதித்துப் பார்க்கலாம்.

றொபேர்ட் ஃபிளாஹெர்ட்டியின் 'நானூக் ஒஃப் த நோர்த்' 1922இல் வெளிவந்தது. விவரணப்படங்களின் முன்னோடி என்று போற்றப்படுவது. ஹட்சன் விரிகுடாவின் கிழக்குக் கரையில், இனுக்ஜுவாக்கில், ஒரு பிரெஞ்சு உரோம வணிக நிறுவனத்தின் பணத்தில் எடுக்கப்பட்டது. நானூக்காக நடித்தவரின் உண்மைப் பெயர் அல்லாகரியல்லாக். துப்பாக்கி பழகியிருந்த மனிதர்கள் படத்துக்காக ஈட்டி எடுத்தார்கள். கமெராவுக்கு வெளிச்சம் போதாததால் பனிவீடு பாதியாக வெட்டித் திறக்கப்பட்டது. கிராமபோனை அறிந்தவர் அறியாதவர்போல் இசைத்தட்டைக் கடித்தார். ஆயினும் இதை வெறும் பொய் என்று தள்ளிவிட முடியாது. தெளிந்த பனிக்கட்டியைச் சுவரில் யன்னலாகப் பதித்து, அருகே ஒரு பனிப்பாளத்தை நிறுத்தி வெளிச்சத்தை உள்ளே திருப்புகிறதே, அந்தக் கை உண்மையானது. பிழை பார்வையில் இருக்கிறது. குளிரை எதிரியாக்கி, மனிதனை அதனோடு மல்லுக்கட்டும் அப்பாவியாக்கிவிட்டது இப்படம்.

மாவோரி இயக்குநர் பரி பார்க்ளே 2002இல் இங்கே ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையொன்றில், கப்பல் தளத்தில் நிற்கும் கமெராவையும் கரையில் நிற்கும் கமெராவையும் வேறுபடுத்திக் காட்டினார். கரையில் நிற்பவர்கள் தம் சொந்த மண்ணிலிருந்து எடுப்பதை நான்காம் சினிமா என்றார்.

ஸக்கரியாஸ் குனுக்கின் 'அடனார்ஜுவாட்' (2001) அத்தகைய கரைப் படம். இக்லூலிக் முதியோர் சொல்லிவந்த பழங்கதை; முற்றிலும் இனுக்ரிருட் மொழி; கான் விழாவில் கமெரா டோர் பரிசும் பெற்றது. இங்கே குளிரைக் கண்டு ஒருவரும் வியப்பதில்லை. கடல்நாய் நெய்யில் எரியும் கல்விளக்கு, பறை, பொறாமை, கிழவிகளின் முணுமுணுப்பு என்று வாழ்வு நடக்கிறது. நாயகன் பனிக்கடலில் நிர்வாணமாக ஓடுவது கொலைகாரருக்குப் பயந்து, குளிருக்குப் பயந்தல்ல. உறவுமுறைகள் பிடிபட எமக்கு வெகுநேரம் செல்கிறது. படம் எமக்காக நின்று விளக்குவதில்லை. அதுவே அதன் மிடுக்கு. முடிவில் குற்றவாளிகளுக்குக் கிடைக்கும் தண்டனை மரணமல்ல, ஊரைவிட்டு வெளியேற்றம். எம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் காட்சி உறுத்தும்.

படத்துக்கு வெளியே நடந்த வெளியேற்றம் இன்னும் கொடியது. 1953இலும் 1955இலும் கனடா அரசு இனுக்ஜுவாக் குடும்பங்களை ஏறக்குறைய 2000 கிலோமீற்றர் வடக்கே, கிறைஸ் ஃபியோர்ட், றெசலூட் ஆகிய இடங்களில் கொண்டுபோய் இறக்கியது. ஃபிளாஹெர்ட்டியின் இனுயிட் மகன் யோசப்பியும் அவர்களுள் ஒருவர். இரண்டு வருடத்தில் திரும்பலாம் என்ற வாக்கு காப்பாற்றப்படவில்லை. அங்கும் பனிதான். ஆனால் மாதக்கணக்கில் சூரியனில்லாத இருளையோ, அந்நிலத்தின் வேட்டைத்தடங்களையோ அவர்கள் அறியார்கள். பனியில் பிறந்தவர்களே பனியில் அகதிகளானார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2010இல்.

ஆகவே பனி ஒரே திணையல்ல. அறிந்த நிலம்தான் திணை. எமது போரை வெளியார் படமெடுத்தபோது நாம் வெறும் அகதி முகங்களாகத் தெரிந்தோம், கோபப்பட்டோம், நியாயம். ஒக்லாந்தில் எமக்கு வாய்த்தது பனியுமல்ல, மழை. இந்நகரின் மாவோரிப் பெயர் தாமக்கி மகவ்ராவ். எமது கதைகளில் அது எத்தனை தடவை வந்திருக்கிறது? நாமும் கப்பல் தளத்தில் நின்றுதானே எழுதுகிறோம்: மழை தெரிகிறது, கரையிலுள்ள மனிதர் தெரிவதில்லை.

இரங்கல் நெய்தலுக்கு உரியது. புலம்பெயர்ந்தவனுக்கு அதில் முழு உரிமையுண்டு. ஆனால் நெய்தலில் இரங்குபவள்கூடத் தன் கரையின் மீனையும் புன்னையையும் நாரையையும் பெயர்சொல்லித்தான் இரங்கினாள்.