அரசியான பிம்பம்: 'மீண்டும் ஜீனோ' குறித்துச் சில எண்ணங்கள்

தெப்ராவ் வட்டாரத்தில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் சிலருடன் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 'மீண்டும் ஜீனோ' ஆகிய இரு நாவல்களையும் அடுத்தடுத்து வாசிக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. அறிவியல் புனைகதையை மாணவருக்கு அறிமுகப்படுத்தத் தக்க நூலைத் தேர்வதே நோக்கம். முதல் நாவலை அனைவரும் ஒருமனதாக ஏற்றனர். இரண்டாவதைப் பலர் பாதியிலேயே மூடிவைத்தனர். அவ்வாறு நேர்ந்தது ஏன் என்பதே ஈண்டு நம் ஆய்வு.

இரண்டும் 1980களில் வார இதழ்த் தொடராக வெளிவந்தவை. முதல் நாவலின் களம் 2020களின் தொடக்கத்து இந்தியா. மகப்பேற்றுக்கும் அரசின் அனுமதி வேண்டும். கணவன் சிபியைக் காணாமல் தவிக்கும் நிலாவுக்கு ரவியின் இயந்திர நாய் ஜீனோ துணையாகிறது. அனைவரும் அஞ்சி வணங்கும் தலைவன் ஜீவா மனிதனே அல்லன், ஒளியால் புனையப்பட்ட முப்பரிமாணப் பிம்பம் என்பது இறுதியில் வெளிப்படுகிறது. மெய்நிகர் உரு ஒன்று நாட்டையே ஆளக்கூடும் என்று அந்நாளிலேயே தமிழில் எழுதியது சிறிய செய்தியன்று. 2014 இந்தியப் பொதுத்தேர்தலில் நரேந்திர மோடி ஒரே நேரத்தில் பல ஊர்களில் முப்பரிமாணப் பிம்பமாகத் தோன்றி உரையாற்றினார். 2018இல் மறைந்த கலைஞர் கருணாநிதி, 2024 சனவரியில் செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய காணொளியில் பேசினார். பொறியாளரான சுஜாதா இவ்விரண்டையும் காணாமல் 2008இலேயே மறைந்தார்.

ஜீவா இருந்த இடத்தில் நிலா அரசியாக அமர்த்தப்படுகிறாள். ஆனால் அதிகாரம் ரவி, மனோ ஆகியோரின் கையில். எனில் நிலாவும் ஒரு பிம்பமே. ஊனும் உயிரும் உள்ள பிம்பம். ஒளியுருவுக்குப் பசி இல்லை, நாணம் இல்லை, மறுத்துரைக்கும் வாயும் இல்லை. நிலாவுக்கு இவை அனைத்தும் உண்டு. ஒளியுருவை வணங்கிப் பழகிய மக்கள் உயிருள்ள ஒருத்தியை எவ்வாறு நோக்குவர்? பிறர் எழுதிக்கொடுத்ததைப் படிக்கும்போது அவள் குரல் யாருடையது? 'மீண்டும் ஜீனோ' எழுப்பியிருக்க வேண்டிய வினாக்கள் இவை என்பது நம் துணிபு.

நாவலோ அரண்மனைச் சூழ்ச்சிக் கதையாகச் சுருங்குகிறது. நிலா இடருக்கு உள்ளாகிறாள், ஜீனோ மீட்கிறது. மீண்டும் இடர், மீண்டும் மீட்பு. முதல் நாவலில் கட்டளையை மீறிச் சிந்திக்கத் தொடங்கும் இயந்திரமாக ஜீனோ நம்மை வியப்பில் ஆழ்த்தியது. இங்கே அதனால் ஆகாத செயலே இல்லை என்னுமளவுக்கு அது வளர்ந்துவிட, வியப்பு மங்குகிறது. மக்களோ பெயரற்ற கூட்டம். வாரந்தோறும் ஒரு திருப்பம் கேட்கும் தொடர்கதை வடிவத்தின் மீது பழி போடலாம். ஆயினும் முதல் நாவலும் தொடர்கதைதானே! ஜீனோவின் நகைச்சுவை மட்டும் குன்றவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மெய்நிகர் உலகைக் களமாகக் கொண்ட 'தி மேட்ரிக்ஸ்' திரைப்பட வரிசையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1999இல் வந்த முதற்படம், காணும் உலகு மெய்யா என்று கேட்டது. 2003 மே மாதம் வந்த இரண்டாம் படமான 'ரீலோடட்' நீண்ட சண்டைகளாலும் நெடுஞ்சாலைத் துரத்தலாலும் பலரை ஏமாற்றியது. எனினும் அது தன் வினாவைக் கைவிடவில்லை. மீட்பனாகக் கருதப்படும் நியோவுக்கு முன்னரே ஐவர் வந்து சென்றனர், அவனது கிளர்ச்சியும் அமைப்பின் ஏற்பாடே என்று இறுதிப் பகுதியில் வெளிப்படுவது முதற்படத்தையே மறுபார்வைக்கு உட்படுத்துகிறது. விடையை அவ்வாண்டு நவம்பரில் வந்த மூன்றாம் படம் சரிவரத் தரவில்லை என்பது வேறு. 'மீண்டும் ஜீனோ'வில் அத்தகைய வெளிப்பாடு ஒன்றும் இல்லை. நடுப்பாகத்தின் தளர்ச்சி இருக்கிறது. அடுத்த பாகத்துக்கான வினா இல்லை.

முதல் நாவலில் ஜீவாவின் மெய்ம்மை வெளிப்படும் பகுதியை வகுப்பில் வைக்க ஆசிரியர்கள் இசைந்தனர். இரண்டாவதிலிருந்தும் ஒரு பகுதி வேண்டும், குறைகளைச் சுட்டவேனும் அது பயன்படும் என்றோம். எப்பகுதி என்பதில் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.