சுற்றுவதெல்லாம் கோளா?

வகுப்பில் கவனிக்காமல் உட்கார்ந்திருந்த பையனை வாத்தியார் எழுப்பிவிடுகிறார். நீண்ட வாலோடு, எழுபது சொச்சம் ஆண்டுக்கு ஒருமுறை சூரியனைச் சுற்றி வருவது எது? கோள்கள் சூரியனைச் சுற்றும் என்று சற்றுமுன் காதில் விழுந்தது ஞாபகம் வர, "கோள் சார்" என்கிறான். வகுப்பே சிரிக்கிறது.

மேத்யூ லிப்மன் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர், பள்ளிப் பிள்ளைகளுக்காக 1974-இல் வெளியிட்ட ‘ஹாரி ஸ்டாட்டில்மயர்ஸ் டிஸ்கவரி’ நாவலின் தொடக்கம் இது. (பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், அரிஸ்டாட்டில் எட்டிப் பார்ப்பார்!) அவமானப்பட்ட ஹாரி யோசிக்கிறான். எல்லாக் கோளும் சூரியனைச் சுற்றும், சரி. சுற்றுவதெல்லாம் கோளா? இல்லையே! வீட்டுக்குப் போனால், பக்கத்து வீட்டு அம்மாள் வம்பு பேசிக்கொண்டிருக்கிறார்: குடிகாரர்கள் மதுக்கடைக்குப் போகிறார்கள், இன்னொருத்தியும் தினம் போகிறாள், அப்படியென்றால் அவளும்...? ஹாரி குறுக்கிட்டுத் திருத்துகிறான். அவன் அம்மாவுக்கு உள்ளூரப் பெருமை.

கதையாகப் பார்த்தால் சுமார்தான். எல்லாப் பிள்ளையும் ஒரே குரலில் பேசுகிறது. ஆனால் தப்பு விடையிலிருந்தே ஒரு பாடம் தொடங்க முடியும் என்று காட்டுகிறதே, அதற்காகவே நம் ஆசிரியர்கள் படிக்கலாம்.

என் குறை வேறு. இந்தப் புத்தகத்தைத் திண்டிவனத்தில் வைத்துப் படித்தால் என்ன ஆகும்? செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் வேலை செய்யும் இருளர்கள் அந்தப் பக்கம் நிறைய. எங்கோ திருட்டு நடந்தால் இவர்களைப் பிடித்துப்போய் வழக்குப் போட்ட கதைகள் ஒன்றிரண்டல்ல. திருடனை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவார்கள். அதனால் கொண்டுபோனவனெல்லாம் திருடன். ஹாரி செய்த அதே தப்பு! அவனுக்குக் கிடைத்தது சிரிப்பு, இங்கே லத்தி.

இருளர்களுக்காகச் சங்கம் கண்டு போராடிய பேராசிரியர் பிரபா கல்விமணி, அதே ஊரில் தாய்த்தமிழ்ப் பள்ளியையும் தொடங்கியவர். இயற்பியல் வாத்தியார். ஒரே ஆள் இரண்டு வேலையும் செய்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது ‘வாழ்க்கைத் திறன்’ என்று பள்ளிகளில் பீரியடே வந்துவிட்டது. ‘விமர்சனச் சிந்தனை என்றால் என்ன? ஐந்து மதிப்பெண்’ என்று கேள்வித்தாளில் வந்துவிடுமோ என்றுதான் பயம். "லேட்டா வர்றவனெல்லாம் சோம்பேறி" என்கிறார் ஒரு வாத்தியார். விடியலில் சூளையில் கல் அடுக்கிவிட்டு வந்த பையன் எழுந்து, "எல்லாரும் இல்ல சார்" என்கிறான். அப்போது அந்த வாத்தியார் என்ன செய்வார்?

அதை லிப்மன் எழுதவில்லை.