இரண்டு மாத நோட்டு

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒரு பெண்ணை அடித்துப்போடும் கடும் மனச்சோர்வும் கோபமும் நோய்தான் என்று உறுதிசெய்ய, அவள் குறைந்தது இரண்டு மாதச் சுழற்சிகளுக்குத் தன் மனநிலையை அன்றாடம் குறித்து வைத்திருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேடு விதிக்கும் நிபந்தனை இது. அந்த நோய்க்கு பி.எம்.டி.டி. என்று பெயர். அதே கையேட்டின் இன்னொரு பகுதி ஏ.டி.ஹெச்.டி. என்னும் கவனக்குறைபாட்டைப் பேசுகிறது. அன்றாட வேலைகளை மறப்பது, பொருட்களைத் தொலைப்பது, தொடங்கியதை முடிக்காமல் விடுவது எல்லாம் அதன் அறிகுறிகள். இரண்டும் ஒரே பெண்ணுக்கு இருந்தால், நாள் தவறாமல் அந்த நோட்டை எழுதப்போவது யார்?

நான் மருத்துவம் படித்தவளல்ல, தமிழ் படித்தவள். ஒரு பிரதி யாரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, யாரை மறந்துவிட்டு எழுதப்பட்டது என்று பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வேலை. அப்படி வாசிக்கும்போது, இந்த இரண்டு வரையறைகளும் காலத்தை எதிரெதிராகப் புரிந்துகொள்வது தெரிகிறது.

பி.எம்.டி.டி. வந்து போக வேண்டும். பதினோரு அறிகுறிகளில் ஐந்தாவது மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் இருக்க வேண்டும். உதிரப்போக்கு தொடங்கிய சில நாட்களில் தணியத் தொடங்க வேண்டும். அதற்கடுத்த வாரத்தில் ஏறக்குறைய மறைந்துவிட வேண்டும். ஏ.டி.ஹெச்.டி.யோ போகவே கூடாது. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அதன் தடயங்கள் தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலையிடம் என இரண்டு இடங்களிலாவது அது தொடர வேண்டும். இரண்டும் உள்ளவளுக்கு மாதம் முழுவதும் கவனம் சிதறுகிறது. கடைசி வாரத்தில் அவள் மொத்தமாகச் சரிகிறாள். உதிரம் நின்ற பிறகும் அவளுடைய மறதி மறைவதில்லை. ஏற்கெனவே உள்ள வேறொரு கோளாறு தீவிரமாவதை மட்டும் பி.எம்.டி.டி. என்று கொள்ளக் கூடாது என்கிறது கையேடு. ஒரு மருத்துவர் “இது உங்கள் பழைய பிரச்சினைதான்” என்று அனுப்பிவிடலாம். இன்னொருவர் “எல்லாம் ஹார்மோன்” என்று சொல்லி, பள்ளிக்கூட நாட்களைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் இருக்கலாம். ‘கவனம் செலுத்த முடியாமை’ இரண்டு பட்டியல்களிலும் இருக்கிறது. அதனாலேயே அவள் இரண்டிலிருந்தும் நழுவிவிடுகிறாள்.

இதற்கொரு வரலாறு உண்டு. ஏ.டி.ஹெச்.டி. பற்றிய அறிவு பெரும்பாலும் வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத சிறுவர்களைப் பார்த்து உருவானது. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்த சிறுமி யாருக்கும் தொந்தரவில்லை; ஆகவே யாரும் அவளைக் கவனிக்கவில்லை. மருந்துச் சோதனைகளில் என்ன நடந்தது? கருவுறும் வாய்ப்புள்ள பெண்களைத் தொடக்கக் கட்டச் சோதனைகளிலிருந்து விலக்குமாறு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977இல் வழிகாட்டியது. அது மாற 1993 ஆயிற்று.

உடல் இந்த இரண்டையும் தனித்தனி அத்தியாயங்களாக வைத்திருக்கவில்லை. மூளையில் டோபமைன் வேலை செய்வதற்கு ஈஸ்ட்ரோஜன் துணைபுரிகிறது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது. ஏற்கெனவே டோபமைன் ஒழுங்கில் சிக்கல் உள்ளவளுக்கு அந்த இறக்கம் கூடுதல் சுமையாகலாம். பி.எம்.டி.டி. உள்ளவர்களின் ஹார்மோன் அளவு பொதுவாக இயல்பாகவே இருக்கிறது. அதன் ஏற்ற இறக்கத்துக்கு மூளை காட்டும் எதிர்வினைதான் வேறாக இருக்கிறது. ஆகவே “ஹார்மோன் அதிகமாகிவிட்டது” என்ற பேச்சு அறிவியலாகவும் தவறு. 2021இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில், ஏ.டி.ஹெச்.டி. உள்ள 209 பெண்களில் ஏறத்தாழ 45 சதவீதத்தினர் பி.எம்.டி.டி. அறிகுறிகளைச் சொன்னார்கள். அது வினாத்தாளில் அவர்களே சொன்னது, நோயறிதல் அல்ல. 2023இல் அதே நாட்டில் ஒன்பது பெண்களுக்கு அந்த வாரத்தில் மட்டும் ஏ.டி.ஹெச்.டி. மருந்தின் அளவைக் கூட்டிப் பார்த்ததில் அவர்களுக்குப் பலன் தெரிந்தது. ஒன்பது பேரை வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால், “அந்த வாரத்தில் மாத்திரை வேலை செய்யவில்லை” என்று பெண்கள் சொன்னதை நம்பித் தொடங்கிய ஆய்வு அது.

பெண்ணியத்திலும் எனக்கொரு விமர்சனம் உண்டு. 1987இல் இந்நோய் வேறு பெயரில் கையேட்டின் பின்னிணைப்பில் இடம்பெற்றபோதும், 1994இல் இப்போதைய பெயரைப் பெற்றபோதும், பவுலா கேப்லன் போன்றோர் கடுமையாக எதிர்த்தார்கள். பெண்ணின் நியாயமான கோபத்துக்கு நோய் என்று பெயர் சூட்டுவார்கள் என்பது அவர்களின் அச்சம். அது வீணான அச்சமல்ல. 2000இல் ஒரு நிறுவனம் தன் பழைய மனச்சோர்வு மருந்தையே இளஞ்சிவப்பும் ஊதாவுமாக நிறம் மாற்றி, சாராஃபெம் என்ற புதுப் பெயரில் இதற்கான மருந்தாக விற்றது. ஆனால் 2013இல் நோய் கையேட்டின் மையப் பகுதிக்கு வந்த பிறகும் ‘நோயா, இல்லையா’ என்ற கேள்வியிலேயே நாம் நின்றுவிட்டால், மாதாமாதம் செத்துவிடலாமா என்று நினைப்பவளிடம் சொல்ல நம்மிடம் ஒன்றும் இருக்காது.

நம் மொழியும் அவளுக்கு உதவவில்லை. ‘மாதவிடாய்’ என்ற சொல்லில் உள்ள விடாய்க்குக் களைப்பு என்றும் பொருள். எவ்வளவு நல்ல சொல்! ‘தூரம்’, ‘வீட்டு விலக்கு’ எல்லாம் அவளை எங்கே உட்கார வைப்பது என்ற கவலையில் பிறந்தவை. எல்லாமே உதிரம் வந்த பிறகான நாட்களுக்கு. அதற்கு முந்தைய வாரத்துக்குப் பெயரில்லை. அந்த வாரத்தில் பால் பொங்கி வழிந்தால், சாவி தொலைந்தால், பிள்ளையை அடித்துவிட்டு அவள் அழுதால், அவளுக்குக் கிடைக்கும் பெயர் ‘பொறுப்பில்லாதவள்’.

நோட்டுக்கு வருவோம். நான் நோட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. நினைவை மட்டும் நம்பினால் தவறான நோயறிதலுக்கு இடமுண்டு. ஆனால் அதை அவள் தலையில் மட்டும் கட்டக் கூடாது. இரவில் ஒரு தோழி அழைத்து, “இன்று எப்படி, ஒன்றிலிருந்து ஆறுக்குள் எவ்வளவு?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். மருத்துவமனையிலிருந்து ஒரு செவிலியரும் கேட்கலாம். பாதி காலியான நோட்டோடு ஒரு பெண் வந்தால், “ஒத்துழைக்கவில்லை” என்று எழுதி மூடுவதற்கு முன், காலிப் பக்கங்கள் எந்த வாரத்தில் சேர்ந்து விழுந்திருக்கின்றன என்று ஒருமுறை பார்க்கலாம். அது நோயறிதலுக்குப் போதாது. ஆனால் அவளிடம் அடுத்த கேள்வியைக் கேட்க அது போதும்.