பூதம் செய்யும் வேலை

இளம் வாசகர்களுக்கென ஆங்கிலத்தில் வரும் அமானுஷ்ய நாவல்களை இப்போது படித்துவருகிறேன். ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’ (2005) நாயகன் எட்வர்ட், 1918இல் இன்ஃபுளுயன்ஸாவில் சாகக்கிடந்தவன். ரத்தக்காட்டேரியாகி, என்றும் 17 வயதில் நிற்கிறான். நான்காம் நாவலில் (2008) பெல்லாவும் அவ்வாறே ஆகிவிடுகிறாள். அமானுஷ்யம் இங்கே மரணத்திலிருந்து விலக்களிக்கும் ஒரு சலுகை. இந்தக் காதல் எதையும் இழக்கவேண்டியதில்லை. அதனாலேயே மனத்தில் தங்குவதில்லை.

பாட்ரிக் நெஸ்ஸின் ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ (2011) வேறு தளம். 2007இல் புற்றுநோயால் இறந்த எழுத்தாளர் ஷிவான் டௌட் விட்டுச்சென்ற கருவிலிருந்து பிறந்தது. யூ மரம் பூதமாகி, புற்றுநோயாளித் தாயின் மகன் கானரிடம் வருகிறது. தாயைக் காப்பாற்றுவதில்லை. இந்த வேதனை முடிந்து தொலையாதா என்று அவன் உள்ளூர விரும்பியதை, அவன் வாயாலேயே சொல்லவைக்கிறது.

கதைக்குள் பூதம் வரட்டும். வந்து என்ன வேலை செய்கிறது என்பதே என் கேள்வி.