பெரியப்பா கையெழுத்து

ஆக்லாந்தின் ஆல்பனி பகுதியில் கேவா சாலை நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்றது சி.டி.எல். இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நியூசிலாந்து என்ற கம்பெனி. அதன் பங்கு நியூசிலாந்துச் சந்தையில் கிடைக்கும். இப்படிப்பட்ட கம்பெனிகளைப் பற்றிப் பேசுவோர் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள்: நிலத்தின் மதிப்பைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகு, பங்கு விலை அதற்குக் கீழே இருந்தால் வாங்கிப்போடு.

கணக்கில் நியாயம் இல்லாமல் இல்லை. விற்பனைக்கு வைத்த நிலம் கணக்கியலில் சரக்கு. வாங்கிய அடக்கம், விற்றால் நிகரமாகத் தேறுவது, இரண்டில் எது குறைவோ அதுதான் ஏட்டில் ஏறும். 2008இல் வடக்குப் பேருந்துத் தடம் வந்ததும், 2016இல் ஆக்லாந்து நெருக்கமாகக் கட்ட அனுமதித்ததும் பழைய அடக்க விலையை ஒரு டாலர்கூட உயர்த்தாது. அதனால்தான் வெளி மதிப்பீட்டாளர் சொல்லும் சந்தை மதிப்பையும் இந்தக் கம்பெனி ஆண்டறிக்கையில் தனியாகத் தருகிறது.

கோளாறு அதற்குப் பிறகுதான். பலகையில் 6 லட்சம் டாலர் போட்ட மனையில் 15% ஜிஎஸ்டி அடக்கம். 78,000 டாலருக்கு மேல் அங்கேயே போயிற்று. சாலை, வடிகால், தரகு தனி. மதிப்பீட்டாளர் இவற்றைக் கழித்திருப்பார் என்றே வைத்துக்கொள்வோம். லாபத்தில் 28% வரியைக் கழித்திருக்க மாட்டார். காத்திருப்பு வேறு. பத்தாண்டு கழித்து வரும் ஒரு டாலர், ஆண்டுக்கு 10% எதிர்பார்ப்பவருக்கு இன்று 39 சென்ட்தான். 2021 அக்டோபர் தொடக்கத்தில் 0.25%ஆக இருந்த நியூசிலாந்து ரிசர்வ் வங்கி வட்டி 2023 மே மாதத்தில் 5.5%ஐத் தொட்டது, அந்த மாதிரி நாளில் மனை வாங்க யார் வருவார்?

இதையெல்லாம் விடப் பெரிது, சாவி யார் கையில் என்பது. பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு மில்லேனியம் அண்ட் காப்தோர்ன் ஹோட்டல்ஸ் நியூசிலாந்திடம்; அதற்கும் மேலே சிங்கப்பூரின் சிட்டி டெவலப்மெண்ட்ஸ். கூட்டுக்குடும்பச் சொத்து மாதிரிதான்: பத்திரத்தில் நம் பெயரும் இருக்கும், பெரியப்பா கையெழுத்துப் போடாமல் ஒரு செண்டும் விற்காது. 2025இல் அந்த ஹோட்டல் கம்பெனியின் மிச்சப் பங்குகளையும் சிங்கப்பூர்க் குழுமமே பங்குக்கு 2.25 டாலர் என்று கேட்டது. சுயேச்சை இயக்குநர்கள் போதாது என்றார்கள், பிறகு 2.80 ஆக்கியது. பெரும்பங்கு ஏற்கெனவே கையில் இருப்பவர் எந்த விலையிலிருந்து பேரத்தைத் தொடங்குவார் என்பதற்கு இது கண்முன் உள்ள சாட்சி.

ஆகவே அறிக்கை வந்ததும் நான் முதலில் தேடுவது இரண்டு எண்கள்: அந்த ஆண்டு எத்தனை மனை விற்றது, பங்குக்கு எத்தனை சென்ட் டிவிடெண்ட். மதிப்பீட்டாளரின் பக்கம் அப்புறம்.