லென்ஸை எதில் மாட்டுவது? லேத் பூதக்கண்ணாடித் திட்டங்கள் மீது ஒரு விமர்சனம்

வீட்டில் சின்ன லேத் வைத்துக்கொண்டு பொழுதுபோக்காக இரும்பு, பித்தளை கடைபவர்களுக்கென்று ஒரு தனி எழுத்து மரபு இருக்கிறது. இங்கிலாந்தில் பெர்சிவல் மார்ஷல் 1898-இல் தொடங்கிய 'மாடல் இன்ஜினியர்' பத்திரிகையை அதன் தாய்வீடு எனலாம். அமெரிக்காவில் 'தி ஹோம் ஷாப் மெஷினிஸ்ட்', பிறகு மறுபடி இங்கிலாந்தில் 1990-இல் 'மாடல் இன்ஜினியர்ஸ் வொர்க்‌ஷாப்' என்று அது கிளைவிட்டது. சும்மா இருந்த ஒரு மனிதன் ஒரு வாரக் கடைசியில் செய்து முடிக்கக்கூடிய உபகரணங்கள் தான் இவற்றின் உயிர். எனக்கு இந்த எழுத்து பிடிக்கும். செய்தவனே எழுதுகிறான், அளவு கொடுக்கிறான், படம் கொடுக்கிறான். நாவல் விமர்சனத்துக்கு இருக்கும் மரியாதை இதற்கும் உண்டு என்பது என் கட்சி. அதனால்தான் இந்தக் குறிப்பு.

நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு வகைத் திட்டம்: லேத்தில் பொருத்தும் பூதக்கண்ணாடி ஸ்டாண்ட். இது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதில் மர்மம் இல்லை. இந்தப் பொழுதுபோக்குக்கு நேரமும் காசும் கைகூடும் வயதும் வெள்ளெழுத்து வரும் வயதும் ஏறக்குறைய ஒன்று. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

நான் படித்தவற்றின் அமைப்பு பெரும்பாலும் இப்படித்தான். பழைய மேசை விளக்கிலிருந்தோ கடையில் மலிவாக வாங்கியோ ஒரு லென்ஸ். அதற்கு அலுமினியத்திலோ பித்தளையிலோ ஒரு வளையம் கடைகிறார்கள். உள்விட்டம் போர் செய்து, ஓரத்தில் மரை வெட்டி, இன்னொரு மெல்லிய வளையத்தைத் திருகி லென்ஸை இறுக்குகிறார்கள். பிறகு ஒரு உருண்டை மூட்டு, ஒரு கம்பி, கீழே ஒரு மேக்னடிக் பேஸ். கடைசியில் பளபளப்பான போட்டோ. முக்கால்வாசி இடம் வளையத்துக்கும் உருண்டைக்கும் போய்விடும். லென்ஸுக்கு ஒரு வரி: "சுமார் 3 அங்குல லென்ஸ் ஒன்று கிடைத்தது."

என் புகாரே அந்த ஒரு வரிதான். எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் ரிக்வைர்மென்ட் கேட்காமல் கோடு எழுத உட்காரும் ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். அதே வியாதி. லென்ஸின் குவியத் தூரம் என்ன? எதைப் பார்க்கப் போகிறோம்? பார்க்கும்போது தலை எங்கே இருக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாமல் உருண்டை மூட்டை எவ்வளவு அழகாகக் கடைந்தாலும் அது அலங்காரம்தான்.

குவியத் தூரத்தை அளப்பது பள்ளிக்கூட வேலை. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வெளியே தெரியும் மரத்தின் பிம்பம் தெளிவாக விழும்வரை லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, சுவருக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்தால் போதும். 20 செ.மீ. வந்தால் 5 டயாப்டர், 33 செ.மீ. வந்தால் 3 டயாப்டர். இதை எழுத இரண்டு வாக்கியம் செலவாகும். மரை பிட்சை மூன்று இடத்தில் சொல்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

அதற்குப் பதிலாக டப்பாவில் அச்சடித்த 'எக்ஸ்' கணக்கை அப்படியே எடுத்து எழுதுகிறார்கள். இந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது பாருங்கள். டயாப்டரை நாலால் வகுத்து ஒன்றைக் கூட்டுகிறார்கள். 3 டயாப்டர் லென்ஸ் 1.75 எக்ஸ் ஆகிவிடும், 5 டயாப்டர் 2.25 எக்ஸ். இதில் ஒளிந்திருக்கும் அனுமானம், பார்ப்பவர் 25 செ.மீ. தூரத்தில் தெளிவாகப் பார்க்கக்கூடியவர், கண்ணை லென்ஸில் ஒட்டிவைத்துப் பார்க்கிறார் என்பது. அந்த 25 செ.மீ. கைவிட்டுப் போனதால்தானே ஐயா லென்ஸையே தேடுகிறோம்!

வெள்ளெழுத்துக்காரருக்கான கணக்கு வேறு. தூரப்பார்வைக் கண்ணாடியோடு ஒருவருக்கு 60 செ.மீ.க்கு அப்பால் தான் தெளிவு என்று வையுங்கள். அவருடைய கண் 60 செ.மீ.யிலிருந்து பார்க்கும் பொருளை, 20 செ.மீ. குவியத் தூர லென்ஸ் ஏறக்குறைய 20 செ.மீ.யிலிருந்து பார்ப்பது போலக் காட்டும். அவருக்கு அது 3 மடங்கு. டப்பாவில் போட்டதைவிட அதிகம். 33 செ.மீ. லென்ஸாக இருந்தால் 1.8 மடங்கு. லாபம் லென்ஸைப் பொறுத்தது மட்டும் இல்லை, கண்ணையும் பொறுத்தது. இருபது வயதுப் பையன் "இதில் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லையே" என்று சொல்லும் அதே லென்ஸ் அவன் அப்பாவுக்கு வரப்பிரசாதமாக இருக்கலாம்.

இதில் இன்னொரு விஷயம் உண்டு, என் மட்டில் இதுதான் முக்கியம். பொருள் சரியாகக் குவியத் தூரத்தில் இருந்தால், லென்ஸிலிருந்து வெளியே வரும் ஒளி இணைகற்றையாக வரும். அப்போது கண் லென்ஸிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருந்தாலும் 40 செ.மீ. தள்ளி இருந்தாலும் பிம்பத்தின் கோண அளவு மாறாது. மாறுவது பார்வைப் பரப்பு மட்டும். லென்ஸின் விட்டத்தைக் குவியத் தூரத்தால் பெருக்கி, கண்ணுக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் எவ்வளவு அகலம் தெரியும் என்று வந்துவிடும். 75 மி.மீ. லென்ஸ், 200 மி.மீ. குவியத் தூரம், கண் 400 மி.மீ. தள்ளி என்றால் சுமார் 37 மி.மீ. ஒரு டூல் முனையையும் அது வெட்டும் இடத்தையும் பார்க்க இது தாராளம்.

அதாவது லென்ஸ் டூலிலிருந்து 20 செ.மீ.யில், தலை அதற்கும் 40 செ.மீ. பின்னால். மொத்தம் 60 செ.மீ. தூரத்தில் முகம். சுற்றிக்கொண்டிருக்கும் சக்கிலிருந்து முகத்தை இவ்வளவு தள்ளி வைத்துக்கொண்டு பெரிதாகப் பார்க்க முடிவதுதான் இந்த ஸ்டாண்டுக்கு இருக்கும் ஒரே நியாயம். இதை எந்தக் கட்டுரையிலும் நான் பார்த்ததில்லை. "தெளிவாகத் தெரிகிறது" என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஏன் ஒரே நியாயம் என்கிறேன் என்றால், போட்டிக்கு நிற்கும் சாதனம் அவ்வளவு நல்லது. தலையில் மாட்டும் லென்ஸ் பட்டை, ஆப்டிவைசர் மாதிரி. மலிவு, இரண்டு கண்ணாலும் ஆழத்தோடு தெரியும், எங்கே திரும்பினாலும் கூடவே வரும். செய்யவே வேண்டாம், வாங்கிவிடலாம். ஆனால் அதன் 2.5 எக்ஸ் தட்டு வேலை செய்யும் தூரம் 8 அங்குலம், அதாவது 20 செ.மீ. மேசையில் உட்கார்ந்து கடிகாரம் பிரிப்பவருக்கு அது சரியான தூரம். மூன்று தாடை சக் ஆயிரம் சுற்று சுற்றும்போது முகத்தை 20 செ.மீ.க்குக் கொண்டுபோவது வேறு சங்கதி. சூடான சுருள் தெறிக்கிறது, தாடை தெரியாமல் மங்கலாகச் சுற்றுகிறது, பட்டை கட்டியவருக்கு 20 செ.மீ.க்கு வெளியே எல்லாமே கலங்கல். கை எங்கே இருக்கிறது என்று ஓரக்கண்ணில் தெரியாது.

கடிகாரக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். லென்ஸ் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்ட முடியாத தொழில் அது, அவர்களிடமும் குட்டி லேத் உண்டு. அவர்கள் லென்ஸை லேத்தில் மாட்டவில்லை, கண்குழியில் மாட்டிக்கொண்டார்கள். அங்கே சுற்றுவது ஊசி மாதிரி ஒரு அச்சு, பக்கத்தில் முகம் போனால் பெரிய ஆபத்தில்லை. அளவு மாறினால் லென்ஸின் இடமும் மாறும் என்பதற்கு இது போதுமான சாட்சி.

சரி, ஸ்டாண்ட் தான் வேண்டும் என்றால் எதில் மாட்டுவது? பெரும்பாலான படங்களில் மேக்னடிக் பேஸ் ஹெட்ஸ்டாக் மேலேயோ பின்பக்கத் தட்டிலோ உட்கார்ந்திருக்கிறது. தட்டையான இரும்பு அங்கேதான் இருக்கிறது, காந்தம் ஒட்டுகிறது, வேறு காரணம் எதுவும் தெரியவில்லை. ஆனால் லேத்தில் டூல் நிற்பதில்லை. சேடில் இடம்வலமாக ஓடுகிறது, அதன்மேல் கிராஸ் ஸ்லைடு உள்ளும் வெளியும் போகிறது. 50 மி.மீ. தண்டின் முகத்தை ஃபேசிங் செய்தால் டூல் ஓரத்திலிருந்து நடுவுக்கு 25 மி.மீ. நகர வேண்டும். லென்ஸ் ஹெட்ஸ்டாக்கில் நின்றால் டூல் அதைவிட்டு ஓடிப்போகும்.

எவ்வளவு ஓட்டம் தாங்கும்? 20 செ.மீ. லென்ஸில் பொருள் 2 செ.மீ. நெருங்கி வந்தால் பிம்பம் 180 செ.மீ. தூரத்தில் இருப்பது போலத் தெரியும், வெள்ளெழுத்துக் கண்ணும் சமாளிக்கும். 10 செ.மீ. லென்ஸில் அதே 2 செ.மீ. நெருங்கினால் பிம்பம் 40 செ.மீ.க்கு வந்துவிடும், போச்சு. மறுபக்கம், குவியத் தூரத்தைத் தாண்டிப் பொருள் விலகினால் சாதாரணக் கண்ணுக்கு எந்த லென்ஸிலும் தெளிவு கிடைக்காது. ஆகவே பவர் கூடக்கூட லென்ஸும் டூலும் ஒட்டிக்கொண்டே நகர வேண்டிய கட்டாயமும் கூடுகிறது. எதைப் பார்க்கிறோமோ அதோடு லென்ஸைக் கட்ட வேண்டும். டூல் முனையைப் பார்க்க என்றால் டூல் போஸ்டிலோ டாப் ஸ்லைடிலோ. டயலைப் பார்க்க என்றால் டயல் எதோடு நகர்கிறதோ அதில். சில லேத்துகளில் கிராஸ் ஸ்லைடு டயல் ஸ்லைடோடு சேர்ந்து நகரும், சிலவற்றில் சேடிலோடு நிற்கும். கைப்பிடியை நாலு சுற்று சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹுக் 17-ஆம் நூற்றாண்டில் செய்த நுண்ணோக்கிகளை இந்தக் கோணத்தில் பார்க்கலாம். அவை லென்ஸ் ஸ்டாண்ட் தானே? உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு உலோகத் தகடு, நடுவில் குட்டி லென்ஸ், பார்க்கும் பொருளை ஏந்த ஒரு ஊசி, அதை நகர்த்தத் திருகுகள். திருகுகள் ஒன்றும் பிரமாதமான வேலைப்பாடு இல்லை. ஆனால் ஊசியும் லென்ஸும் ஒரே தகட்டில். நம் பத்திரிகைப் போட்டோக்களோடு ஒப்பிட்டால் பாலீஷில் அவர் தோற்பார்.

டயல் படிக்க லென்ஸ் வைப்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. மைஃபோர்டு எம்.எல்.7 மாதிரி பழைய லேத்துகளில் கிராஸ் ஸ்லைடு டயலில் நூறு கோடு, ஒரு கோடு ஆயிரத்தில் ஒரு அங்குலம். டயல் விட்டம் 25 மி.மீ. என்றால் கோட்டுக்குக் கோடு இடைவெளி 0.8 மி.மீ. கூட வராது. இதே நூறு கோட்டை 60 மி.மீ. டயலில் போட்டால் 1.9 மி.மீ. நெருக்கி ஆகிவிடும். லேத் வைத்திருப்பவரால் பெரிய டயல் கடைய முடியும். அதைச் செய்யாமல் சின்ன டயலுக்கு மேல் லென்ஸ் கட்டுவது, எழுத்து சின்னதாக வரும் புரோகிராமுக்கு மானிட்டர் முன்னால் லென்ஸ் வைப்பது போல. டிஜிட்டல் ரீட்-அவுட் போட்டவருக்கு இந்தக் கேள்வியே இல்லை. டூல் முனைக்கு அப்படி மாற்று வழி கிடையாது, கண்தான் பார்க்க வேண்டும்.

வளையத்துக்கு வருவோம். லென்ஸ் இடுக்கில்லாமல் கச்சிதமாக உட்காரும்படி போர் செய்ததாகப் பெருமையோடு எழுதுகிறார்கள். இங்கே கச்சிதம் தான் தப்பு. குளிரும்போது பித்தளை கண்ணாடியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். 75 மி.மீ. விட்டத்தில் 30 டிகிரி வித்தியாசத்துக்கு அது 0.02 மி.மீ. போலத்தான், ஆனால் இடைவெளியே இல்லாத இடத்தில் அந்த அழுத்தம் முழுக்கக் கண்ணாடியின் ஓரத்தில் விழும். கால் மில்லிமீட்டர் தளர்வும் ஒரு ரப்பர் ஓ-ரிங்கும் போதும். கை நடுங்கும் ஆள்கூட அதைக் கடைந்துவிடலாம். பெருமை பேச ஒன்றும் இருக்காது, அதுதான் சிக்கல் போல.

உருண்டை மூட்டு நேர் எதிர். அங்கே கணக்கு வேண்டும், போடுவதில்லை. 150 கிராம் லென்ஸும் வளையமும் 30 செ.மீ. கைமுனையில் தொங்கினால் சுமார் 0.44 நியூட்டன் மீட்டர் முறுக்கு. 12 மி.மீ. உருண்டை இதை உராய்வால் தாங்க, உராய்வுக் கெழு 0.2 என்று வைத்தால், 370 நியூட்டன் போல அழுத்திப் பிடிக்க வேண்டும். உருண்டையை 25 மி.மீ. ஆக்கினால் அதில் பாதிக்கும் குறைவு. "கொஞ்ச நாளில் கை தொங்க ஆரம்பித்தது, நன்றாக இறுக்கினேன்" என்று எழுதுபவர்கள் பெரிய உருண்டை கடைந்திருக்கலாம். கூலன்ட்டுக்குப் போடும் கணுக்கணுவான பிளாஸ்டிக் குழாயை வாங்கி வேலையை முடிப்பவர்களை இந்த மரபு கொஞ்சம் ஏளனமாகப் பார்க்கும். லேசான லென்ஸுக்கு அது நல்ல தீர்வு. சக்கில் சிக்கினால் கணு கழன்று விழும், இரும்புக் கம்பி மாதிரி சுழன்று அடிக்காது.

பாதுகாப்புப் பெட்டி ஒன்று சில கட்டுரைகளில் இருக்கிறது, சந்தோஷம். லென்ஸ் கண் பாதுகாப்பு ஆகாது, சேஃப்டி கண்ணாடி தனியாக வேண்டும் என்று சரியாகச் சொல்கிறார்கள். வெயிலைச் சொல்வதில்லை. 75 மி.மீ. லென்ஸ் 20 செ.மீ. குவியத்தில் சூரியனை 2 மி.மீ. புள்ளியாகச் சுருக்கும். ஒளி ஆயிரத்து ஐநூறு மடங்கு அடர்ந்து விழும். பட்டறை ஜன்னல் கிழக்கே பார்த்திருந்து, ஸ்டாண்டுக்குக் கீழே எண்ணெய்த் துணி கிடந்து, காலையில் வீட்டில் ஆளில்லை என்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வளையத்தின் மேல் கவிழ்க்க ஒரு பழைய சாக்ஸ் போதும், அதையும் பார்ட்ஸ் லிஸ்டில் சேர்க்கலாம்.